அளவெடுப்பு கடைமடையில் தொடங்கட்டும்
(பாசனதாரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, வேலைநாளிலும் வந்திருக்கிற நீர்வளத்துறைப் பொறியாளர் அவர்களே, எல்லோருக்கும் மூத்தவர்களான, வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டிகளே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய வியாபாரிகள் சங்கத்துக்கும் நன்றி. அவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்கிறோம். திருவாரூர் ஆழித்தேர் வடத்தில் எத்தனை பேர் இழுக்கிறார்கள், எத்தனை பேர் சும்மா கை வைத்திருக்கிறார்கள்? (சிரிப்பு) ஒத்துழைப்பு, போட்டிச் சட்டம், கூட்டுறவுக் கடன் என மூன்று சங்கதி சொல்கிறேன்.

ஃபேர், கெக்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2000-இல் வெளியிட்ட சோதனை இது. நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு வாய்க்காலில் நாலு பேர், ஆளுக்கு 20 ரூபாய். உண்டியலில் போடுவது 1.6 மடங்காகி, நாலு பேருக்கும் சமமாகப் பிரியும். எல்லோரும் முழுசாகப் போட்டால் 128, ஆளுக்கு 32. ஒருத்தர் மட்டும் போடவில்லை என்றால் 96, ஆளுக்கு 24. போடாத மகராசனுக்கோ 24-உடன் மடியில் இருக்கிற 20-உம் சேர்ந்து 44! (கைதட்டல்) கைதட்டாதீர்கள், அவர் இந்தக் கூட்டத்திலும் இருப்பார். அடுத்த சுற்றில் மற்ற மூவரும் கையை இழுத்துக்கொள்வார்கள். பத்தாவது சுற்றுக்குள் உண்டியல் காலியாகாத குறைதான். அப்புறம் ஒரு விதி சேர்த்தார்கள்: சொந்தக் காசைச் செலவழித்து, போடாதவனுக்கு அபராதம் விதிக்கலாம். பங்களிப்பு ஏறிவிட்டது. ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்றால், வடத்தருகே பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேணும்.

2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் நேபாளத்துப் பாசனங்களை ஆராய்ந்தார். விவசாயிகளே நடத்திய இடங்களில் வாய்க்காலின் கடைசி முனையான கடைமடைக்குத் தண்ணீர் நன்றாகவே போனது. வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் நிரந்தரக் கட்டுமானம் வந்த பல இடங்களில் போகவில்லை. வருஷா வருஷம் அணையைச் சரிசெய்யக் கடைமடைக்காரன் கை தேவைப்பட்ட வரைதான் தலைமடைக்காரன் அவனை மதித்தான்.

நம்ம தூர்வாரல் என்ன ஆகிறது? ரோட்டுப் பாலத்தருகே, போட்டோவுக்கு வாகாக, வாய்க்காலின் அடிமட்டத்துக்கும் கீழே தோண்டுகிறார்கள். தண்ணீர் அங்கேயே குட்டையாகத் தேங்குகிறது. அள்ளிய மண்ணைக் கரையின் விளிம்பிலேயே கொட்டுகிறார்கள். முதல் மழையில் அது திரும்ப உள்ளே. ஆகவே ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கும் முன், கடைமடையில் தொடங்கி மேல்நோக்கி மட்டம் பார்த்து வர வேண்டும். வாய்க்கால் சங்கம் கையெழுத்திடாமல் தூர்வாரிய வேலைக்கான பில் பாஸாகக் கூடாது. தண்ணீர் முறை தவறுகிறவருக்கு முதலில் எச்சரிக்கை, பிறகு சின்ன அபராதம், அப்புறம் பெரிசு. நீர்க்கட்டியின் கூலியில் கடைமடைக்காரர்களும் பங்கு தர வேண்டும். அப்போதுதான் அவர் இவர்களுக்கும் பதில் சொல்வார்.

வியாபாரிகளே, கூடுவதெல்லாம் தேர் இழுக்க அல்ல. விலையை மூடிய சீட்டில் எழுதிக் கொடுக்கும் பருத்தி மறைமுக ஏலத்தில் விலையை முன்கூட்டிப் பேசி வைத்துக் கேட்டால், 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 3-ஆவது பிரிவு அதைச் சட்ட மீறலாகவே பார்க்கிறது. முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்கு அபராதம் 100 சதவீதம் வரை குறையலாம். யார் முந்துவார் என்று நீங்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டுறவுக் கடனுக்கு நேரமில்லை, தலைவர் மணி அடித்துவிட்டார். தூர்வாரல் பற்றி நான் கேட்டவற்றுக்கான தீர்மான நகல் மேடைக்குக் கீழே இருக்கிறது. உங்கள் வாய்க்கால் பெயரையும் மடை எண்ணையும் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.