திருகைக் கல் தாங்கும் கோட்டை

(நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் தமிழாசிரியை அம்மா அவர்களே, மூன்று நாளாக அலைந்து நாற்காலி சேர்த்த நூலகர் தம்பி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளிப் பிள்ளைகளே, வணக்கம். பொறியாளர் ஐயா நாற்பது ஆண்டு கட்டடத்தோடு வாழ்ந்தவர். அவர் முன்னால் ஒரு கோட்டையைப் பற்றிப் பேசக் கிடைத்தது என் பேறு.

ஜப்பானில் கோபே நகருக்கு மேற்கே இருக்கிறது ஹிமேஜி கோட்டை. அதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: கட்டியது எப்படி, பகைவன் திசை தடுமாற வழிகளை வளைத்து வைத்தது எப்படி, இன்றுவரை காத்தது எப்படி. எங்கள் அப்பத்தா வாய்க்கு வாய் சொல்வார், ‘சுவரை வைத்துத்தான் சித்திரம்’ என்று. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1333-ல் அகமட்சு குலத்தார் அந்தக் குன்றில் ஓர் அரண் எழுப்பினார்கள். 1581-ல் அன்றைய பெரும் போர்த்தலைவர் ஹிதேயோஷி மூன்றடுக்குக் கோபுரம் கட்டினார். 1600-ல் நடந்த செகிகஹாரா போருக்குப் பின் கோட்டை, அதில் வென்று நாட்டைக் கையில் எடுத்த தொகுகவா இயேயாசுவின் மருமகன் இகேதா தெருமாசாவின் கைக்கு வந்தது. 1601 முதல் 1609 வரை அவர் எடுத்துக் கட்டியதுதான் இன்று நிற்கும் பெரிய கோபுரம். வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து அடுக்கு. உள்ளே நிலவறையோடு ஏழு தளம்.

ஹிதேயோஷி சுவர் எடுத்தபோது கல்லுக்குத் தட்டுப்பாடு. பழங்காலக் கல் சவப்பெட்டிகளையும் கல்விளக்குகளையும்கூடச் சுவரில் அடுக்கினார்கள். அடிவாரத்து ஊரில் ஒரு கிழவி. அரிசியில் செய்யும் மோச்சியைச் சுட்டு விற்றுப் பிழைப்பவள். சேதி அவள் காதுக்கும் போனது. தாய்மார்களே, அவள் வீட்டில் கல் என்று என்ன இருக்கும்? திருகைதான். பிள்ளைகளே, திருகை என்றால் என்னவென்று வீட்டில் பாட்டியிடம் கேளுங்கள். தேய்ந்துபோன அந்தத் திருகைக் கல்லை, இதுவாவது உதவட்டும் என்று கொடுத்துவிட்டாள். கிழவியே கொடுத்துவிட்டாள் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. அவனவன் வீட்டுக் கல்லைக் கொண்டுவந்து குவித்தான். சுவர் மளமளவென்று ஏறியது.

வாய்வழிக் கதைதான். ஆனால் கல் அங்கே இருக்கிறது. கம்பி வலை போட்டுக் காக்கிறார்கள். நான் அதன் எதிரே நின்றேன். சுற்றிலும் முண்டும் முடிச்சுமாகக் காட்டுக் கற்கள். நடுவே வட்டமாக ஒரே ஒரு கல். அப்பத்தா வீட்டுத் தாழ்வாரம் கண்முன் வந்து நின்றது.

காத்த கதைக்கு வருகிறேன். 1871-ல் பிரபுக்களின் ஆட்சி ஒழிந்தது. கோட்டை ஏலத்துக்கு வந்து 23 யென் 50 சென்னுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். இடிக்கும் கூலியே விலையை மிஞ்சியதால் தப்பியதாம். பிறகு நகமுரா ஷிகெதோ என்ற ராணுவக் கர்னல், இதைப் பழுதுபார்த்து வைக்க வேண்டும் என்று அரசுக்கு ஒரு மனு எழுதினார். ஒரே ஒரு மனு, அன்பர்களே! கோட்டைக்குள் அவருக்கு நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். 1945 ஜூலையில் ஊரே குண்டுவீச்சில் எரிந்தது. கோபுர உச்சியில் விழுந்த எரிகுண்டு வெடிக்கவில்லை. பொழுது விடிந்ததும், சாம்பலுக்கு நடுவே நின்ற கோட்டையை மக்கள் பார்த்தார்கள். சுவர் இருந்தது, சித்திரம் பிறகு வந்தது.

பொறியாளர் ஐயாவுக்காக ஒன்று. 1956 முதல் 1964 வரை பெரிய கோபுரத்தை உத்தரம் உத்தரமாகப் பிரித்துப் பழுதுபார்த்து மீண்டும் பூட்டினார்கள். கோபுரத்தைத் தாங்குபவை கீழிருந்து உச்சிவரை ஓடும் இரண்டு பெருந்தூண்கள். மேற்குத் தூண் உளுத்திருந்தது. அதற்கென்று கிசோ மலையில் வெட்டிய சைப்ரஸ் மரம் வழியிலேயே முறிந்தது. மனம் தளராமல் இன்னொரு மரத்தை அதோடு இணைத்துத் தூணாக்கினார்கள். அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள் என்பதும் உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் சுவர்ப்பூச்சின் பழைய கலவையை மாற்றவில்லை. சுண்ணாம்பு, கடற்பாசிப் பசை, நார், இவ்வளவுதான். ஓடுகளின் இணைப்பிலும் அதையே பூசுகிறார்கள். கூரை வெண்கொக்கு போலத் தெரிவது அதனால்தான். 2015-ல் பழுதுபார்த்துத் திறந்தபோது, ‘இவ்வளவு வெள்ளையா!’ என்று ஊரே வியந்தது. பூசத் தெரிந்த கைகள் அங்கே அற்றுப்போகவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் பார்க்கிறார். வளைந்த வழிகளைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். நம் ஊர்ச் சாவடிக்கு வருகிறேன். கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசினார்கள். உள்ளே ஈரம் தங்கி இப்போது பாளம் பாளமாக உரிகிறது. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் நம் பக்கத்தில் இன்னும் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அவரிடம் நான்கு இளைஞர்கள் கூலியோடு தொழில் கற்க வேண்டும், அவர் கையால் சாவடி மறுபடி வெள்ளையாக வேண்டும். சுவரை வைத்துத்தானே சித்திரம்! மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். பேனா நூலகர் தம்பியிடம் இருக்கிறது. போகும்போது ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்; கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது.