வாரண்டி கிளெய்ம்: உங்க காரைப் பார்க்காமலே கம்பெனி எப்படி முடிவு பண்ணுது?

[காட்சி: விடியற்காலை. இன்ஜின் ஸ்டார்ட் ஆகுது. ரெண்டு வினாடி கடகடன்னு சத்தம், அப்புறம் அமைதி.]

கேட்டீங்களா? ராத்திரி முழுக்க நின்ன காரைக் காலையில முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வர்ற சத்தம். சில இன்ஜின்கள்ல, உள்ள ஓடற டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனருக்குள்ள இருக்கற ஆயில் ராத்திரியில மெல்ல வடிஞ்சுடும். பிரஷர் திரும்ப ஏறுற வரைக்கும் செயின் தளர்ந்து ஆடும். ஏறினதும் சத்தம் நின்னுடும்.

இந்தக் காரை சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிட்டுப் போறீங்க. போய்ச் சேரும்போது இன்ஜின் நல்லா சூடாயிருக்கும். டெக்னீஷியன் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பாரு, ஒரு சத்தமும் வராது. புகாரையும் செஞ்ச வேலையையும் எழுதற ஜாப் கார்டுல ‘குறை தென்படவில்லை’ன்னு எழுதி சாவியைக் கையில கொடுத்துடுவாங்க. இத்தனைக்கும் இதே சத்தத்துக்காகக் கம்பெனி டெக்னீஷியன்களுக்கு அனுப்பின வழிகாட்டித் தாள், அதாவது சர்வீஸ் புல்லட்டின், அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்கலாம்.

ஏன் இப்படி ஆகுது? வாரண்டி வேலையைச் செய்யறது டீலர். அதுக்குக் காசு கொடுக்கறது காரைத் தயாரிச்ச கம்பெனி. பெரும்பாலான வேலைகளுக்குக் கம்பெனியிலேர்ந்து யாரும் வந்து உங்க காரைப் பார்க்கப் போறதில்ல. காசு கேட்டு டீலர் அனுப்பற கிளெய்மைத்தான் பார்ப்பாங்க. அதனால டீலருக்குக் குறையைச் சரிபண்றது பாதி வேலைதான். எழுத்துல நிரூபிக்கறது மீதிப் பாதி.

[காட்சி: ஒரு புல்லட்டின் பக்கம். ஒவ்வொரு பகுதியா வட்டமிடப்படுது.]

புல்லட்டின்ல என்னெல்லாம் இருக்கும்? எந்த மாடல், எந்தத் தேதிக்குள்ள தயாரானது, எந்த சேசிஸ் நம்பர்லேர்ந்து எது வரைக்கும். அறிகுறி என்ன, காரணம் என்ன. உறுதிப்படுத்த என்ன டெஸ்ட் பண்ணணும். எந்தப் பார்ட் நம்பர் போடணும். பெரும்பாலும் இது பழைய பார்ட் இல்ல, வடிவமைப்பு மாத்தின புதுப் பார்ட்டா இருக்கும். கடைசியில அந்த வேலையைக் குறிக்கற ஒரு லேபர் கோடு, அதுக்கான நேரம். உங்க சேசிஸ் நம்பர் அந்த வரிசைக்குள்ள வரலைன்னா, சத்தம் அச்சு அசலா அதேதான்னாலும் அந்த புல்லட்டின்படி கிளெய்ம் போட முடியாது. சாதாரண வாரண்டி ரிப்பேரா, காரணத்தைத் தனியாக் கண்டுபிடிச்சுப் போடணும்.

நிறைய பேர் குழம்பற இடம் ஒண்ணு இருக்கு. ரீகால் வேற, புல்லட்டின் வேற. ரீகால்னா, பெரும்பாலும் பாதுகாப்புக் குறைக்காகக் கம்பெனியே கார்களைத் திரும்பக் கூப்பிட்டுச் சரிபண்றது. உங்க கார்ல அறிகுறி தெரியலைன்னாலும் அந்த வேலையைச் செஞ்சு கொடுப்பாங்க. புல்லட்டின் அப்படி இல்ல. அது டெக்னீஷியனுக்கு வழிகாட்டற தாள். குறை உங்க கார்ல இருக்கணும், வாரண்டியும் உயிரோட இருக்கணும். “இந்த புல்லட்டின் இருக்கே, மாத்திக் கொடுங்க”ன்னு பிரிண்ட் எடுத்துட்டுப் போய் நின்னா மறுப்பாங்க. அந்த மறுப்புல ஏமாத்து வேலை எதுவும் இல்ல.

மூணாவதா ஒரு வகை உண்டு. குறிப்பிட்ட ஒரு பார்ட்டுக்கு மட்டும் கம்பெனி வாரண்டி காலத்தை நீட்டிக்கும். வாரண்டி முடிஞ்ச கார்னாலும், “என் சேசிஸ் நம்பருக்கு நிலுவையில ரீகாலோ வாரண்டி நீட்டிப்போ இருக்கா?”ன்னு கேளுங்க. சிஸ்டத்துல பார்க்க ஒரு நிமிஷம் போதும். அமெரிக்காவுல, டீலர்களுக்கு அனுப்பற புல்லட்டின்களோட நகலைக் கம்பெனிகள் என்எச்டிஎஸ்ஏன்னு சொல்ற வாகனப் பாதுகாப்பு அமைப்புக்கும் கொடுத்தாகணும். அந்த அமைப்போட இணையதளத்துல யார் வேணும்னாலும் மாடலையும் வருஷத்தையும் போட்டுத் தேடலாம்.

[காட்சி: ரெண்டு ஜாப் கார்டு, பக்கத்துல பக்கத்துல.]

இப்ப ஜாப் கார்டுக்கு வருவோம். இடது பக்கம், ‘இன்ஜின் சத்தம், செக் செய்யவும்’. வலது பக்கம், ‘ராத்திரி நிறுத்தி வைத்த பிறகு, காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும், முன்பக்கத்திலிருந்து 2 வினாடி உலோகச் சத்தம். வாரத்தில் நாலைந்து நாள். சூடான பிறகு வருவதில்லை.’ முதல் கார்டை வெச்சு டெக்னீஷியன் எதையும் தேட முடியாது. ரெண்டாவதைப் படிச்ச உடனே, காரை ஒரு ராத்திரி இங்கயே நிறுத்தணும்னு அவருக்குத் தெரிஞ்சுடும். முந்தின நாள் சாயங்காலமே காரை விட்டுடுங்க. காலையில அவரே முதல் ஸ்டார்ட் பண்ணட்டும். அதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க. கிலோமீட்டர் ரீடிங் தெரியணும், சத்தமும் கேக்கணும்.

கார்டுல மூணு விஷயம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். புகார், காரணம், செஞ்ச வேலை. ‘சத்தம் வந்தது, டென்ஷனர் மாத்தப்பட்டது’ன்னு மட்டும் எழுதினா நடுவுல ஓட்டை விழுந்துடுது. டென்ஷனர்தான்னு எப்படித் தெரிஞ்சுது? ‘8 மணி நேரம் நிறுத்தி வைத்து ஸ்டார்ட் செய்ததில் சத்தம் உறுதியானது. புல்லட்டின்படி சோதித்ததில் டென்ஷனர் பிரஷரைத் தாங்கவில்லை’ன்னு ஒரு வரி இருந்தா கிளெய்ம் நிக்கும்.

எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா இன்னொரு சிக்கல். எரர் கோடு பதிவாகும்போது அந்த நொடியோட நிலவரத்தையும் காரோட கம்ப்யூட்டர் சேமிச்சு வெச்சுக்கும். ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் எவ்வளவு சூடு, இன்ஜின் மேல எவ்வளவு லோடு, எல்லாமே. விளக்கு அணையட்டும்னு வெளியில ஸ்கேனர் வெச்சு கோடை அழிச்சா இதுவும் சேர்ந்து போயிடும். பல கார்கள்ல பேட்டரியைக் கழட்டினாலும் அதே கதைதான். டீலர்கிட்ட போறவரைக்கும் அதைத் தொடாம விடுங்க.

இப்ப நேரக் கணக்கு. லேபர் நேரத்தைப் பல கம்பெனிகள் மணியோட பத்துல ஒரு பங்கா எழுதும். 0.1 மணின்னா 6 நிமிஷம். ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு 0.3 கொடுத்திருந்தா 18 நிமிஷத்துக்குத்தான் காசு, கம்ப்யூட்டர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கிட்டாலும் சரி. அந்த நேரம் முழுக்க பேட்டரியில சார்ஜர் மாட்டி வோல்டேஜை நிலையா வெச்சிருக்கணும். நடுவுல வோல்டேஜ் விழுந்தா, அப்டேட் ஆகிட்டிருக்கற காரோட கம்ப்யூட்டர் மாட்யூலே செத்துப் போகலாம். அவசரத்துல சார்ஜரை விட்டுடறதுதான் அங்க நடக்கற வழக்கமான தப்பு. ஒரே கார்ல ரெண்டு வேலை இருந்து, ரெண்டுக்கும் முன்பக்கக் கவரைக் கழட்டணும்னா, கழட்டற நேரத்தை ரெண்டு தடவை கேக்க முடியாது. எப்பவாவது வர்ற குறையைத் தேடி அலையற நேரத்துக்குப் பல சமயம் எதுவுமே கிடைக்காது. வாரண்டி வேலைன்னா டெக்னீஷியன் முகம் சுளிக்கறதுக்கு இதுதான் காரணம். அவரைக் குறை சொல்லி என்ன பண்றது, பல இடங்கள்ல சம்பளம் அந்த நேரக் கணக்கோட கட்டப்பட்டிருக்கு.

[காட்சி: கிளெய்ம் படிவம்.]

வேலை முடிஞ்சதும் கார்டு வாரண்டி கிளார்க்கோட மேஜைக்குப் போகும். முதல்ல பழுதான பார்ட் எதுன்னு ஒண்ணே ஒண்ணு காட்டணும். டென்ஷனர் கெட்டதால கேஸ்கெட், சீலன்ட், ஆயில் எல்லாம் மாத்தியிருப்பாங்க. ஆனா காரணம் டென்ஷனர்தான். தவறி கேஸ்கெட் நம்பரைக் காரணமாப் போட்டா, லேபர் கோடோட பொருந்தாம கிளெய்ம் திரும்பி வந்துடும். கிலோமீட்டர் ரீடிங் தப்பு, டெக்னீஷியன் வேலையைத் தொடங்கின நேரம் பதிவாகலை, அனுப்ப வேண்டிய கெடு தாண்டிப் போச்சு. திரும்பி வர்றதுக்கு இப்படிச் சின்னச் சின்னக் காரணங்கள்தான் நிறைய.

இன்ஜின், கியர்பாக்ஸ் மாதிரி பெரிய வேலைன்னா டீலர் கம்பெனிகிட்ட முன் அனுமதி வாங்கணும். போட்டோ, அளவீடுகள், நீங்க ஆயில் மாத்தின பில்கள்னு கேப்பாங்க. பில்லுல தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு மூணும் இருக்கணும். “அப்ரூவல் இன்னும் வரலை”ன்னு உங்ககிட்ட பேசற சர்வீஸ் அட்வைசர் சொன்னா அது பல நேரம் நிஜம்தான்.

காசு வந்துட்டாலும் டீலருக்கு நிம்மதி கிடையாது. கம்பெனி ஆடிட் பண்ணி, பழைய கார்டுகளைப் புரட்டி, ஆதாரம் இல்லாத கிளெய்முக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிச்சுக்கலாம். தேஞ்சு போன பிரேக் பேடை ‘அப்படியே வாரண்டில போட்டுடுங்க’ன்னு நீங்க கேக்கும்போது அட்வைசர் நெளியறது இதுக்குத்தான்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஜாப் கார்டு நகலை வாங்கிக்கோங்க. பில் தொகை பூஜ்யமா இருந்தாலும், ‘குறை தென்படவில்லை’ன்னு இருந்தாலும் வாங்குங்க. வாரண்டி முடியறதுக்கு முன்னாடியே இந்தக் குறையைச் சொல்லியிருக்கீங்கங்கறதுக்கு அந்தத் தேதிதான் சாட்சி. பின்னால அதே பழுது உறுதியானா, அந்தத் தாளைக் காட்டித்தான் பேச முடியும்.

[காட்சி: அலமாரியில பழைய பார்ட்டுகள், ஒவ்வொண்ணுலயும் டேக்.]

வாரண்டியில கழட்டின பழைய பார்ட்டை நீங்க கேட்டாலும் கொடுக்க மாட்டாங்க. கார்டு நம்பர் எழுதின டேக்கோட அது அலமாரியில காத்திருக்கும். கம்பெனி கேட்டா அனுப்பணும், அவங்க அதைப் பிரிச்சுப் பார்ப்பாங்க. கேட்ட பார்ட் அலமாரியில இல்லைன்னா அந்தக் கிளெய்ம் பணம் போச்சு.