நோட்டில் "வெளியூர்" என்று எழுதியிருக்கும்

வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து தரையில் உட்காருங்கள், ஒன்றும் தப்பில்லை.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வார்டு கவுன்சிலர் பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். நாலு கை. சரி. நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பேரூராட்சி. அங்கே இதைக் கேட்டால், கவுன்சிலர் பெயர் மட்டுமல்ல, அவர் யாருக்கு மச்சான், காலையில் எந்தக் கடையில் டீ குடிப்பார், போன தடவை எத்தனை ஓட்டில் தோற்றார் என்பது வரைக்கும் சொல்லுவார்கள். 2022 பிப்ரவரி 19-இல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் பேரூராட்சிகளில் 74.68 சதவீதம் ஓட்டு விழுந்தது, நம்ம சென்னையில் 43.59. படித்தவர்கள் ஓட்டுப் போடுவதில்லை என்று அன்றைக்கு ஆளாளுக்கு அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அது படிப்பு விஷயமாகத் தெரியவில்லை. சென்னையில் அப்போது சுமார் 61 லட்சம் வாக்காளர்களுக்கு 200 வார்டு, ஒரு வார்டுக்கு 30,000 பேர். எங்கள் ஊர் வார்டில் அறுநூறு ஓட்டு. அறுநூறில் ஒன்றுக்கு இருக்கிற கனம் முப்பதாயிரத்தில் ஒன்றுக்கு எப்படி வரும்?

அந்தக் கனத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் வார்டில் நின்ற ஒரு தம்பி ஒரு நீள நோட்டு வைத்திருந்தான். பக்கத்துக்கு ஒரு வீடு. கதவு எண், ஓட்டு எத்தனை, யார் நமக்கு, யார் சந்தேகம், யாரிடம் யார் பேசினால் மனசு மாறும், எல்லாம் பென்சிலில். ஏன் பென்சில் என்று கேட்டேன். "ராத்திரிக்குள்ள மாறிடும்ணே" என்றான். என் பெயருக்கு நேரே "வெளியூர்" என்று எழுதி, அடியில் என் போன் நம்பர். வெள்ளிக்கிழமை ராத்திரி கோயம்பேட்டில் பஸ் ஏறும் வரைக்கும் அவன் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். அந்த பஸ்ஸில் பாதிப் பேர் ஏதோ ஒரு நோட்டில் "வெளியூர்" என்று இருப்பவர்கள்தான்.

எங்கம்மா சட்டமன்றத் தேர்தலில் நாற்பது வருஷமாக ஒரே சின்னம், கல்யாணம் ஆன நாளிலிருந்து. அதே அம்மா வார்டுக்கு மட்டும் எதிர்க்கட்சிக்குப் போட்டார். காரணம் தண்ணீர். எங்கள் தெரு கடைசித் தெரு, வால்வை எந்தப் பக்கம் முதலில் திறக்கிறார்கள் என்பதில்தான் எங்கள் காலைப்பொழுதே இருக்கிறது. அந்தக் கட்சிக்காரப் பெண் பதவியில் இல்லாதபோதே டார்ச் லைட்டோடு வந்து தண்ணீர் திறந்துவிடுபவரைப் பக்கத்தில் நிறுத்திப் பேசியவர். இதை விவரம் தெரியாத ஓட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சாதி பார்க்கவில்லையா என்றால், பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் தெருவே சாதிதான், வார்டு எல்லையும் தெருவை ஒட்டித்தான் போகிறது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஊராட்சித் தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கினார்கள் என்பதற்காகவே 1996-லிருந்து 2006 வரைக்கும் பத்து வருஷம் யாரையும் அந்த நாற்காலியில் நிலையாக உட்கார விடவில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் இந்தப் பயமும் சேர்ந்தே இருக்கிறது, அதை மறைத்துவிட்டுக் கிராமத்தைப் புகழ எனக்கு மனசு வராது. பணமும் கொடுக்கிறார்கள். எங்கள் வார்டில் ரெண்டு பக்கமும் கொடுத்தார்கள், அதனால் ஜனங்கள் பழையபடி ஆளைப் பார்த்தே போட்டார்கள்.

ஆனால் உண்மையில் கெடுதல் எங்கே நடக்கிறது என்றால், தேர்தலே நடத்தாமல் விடுகிறார்களே, அங்கே. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு எங்கள் பேரூராட்சியில் ஓட்டுப் போட 2022 ஆனது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர்களுக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர். அவர் நல்லவரோ கெட்டவரோ, அவரை நிறுத்திக் கேட்க எங்கம்மாவிடம் ஓட்டு இல்லை. கிராம ஊராட்சிகளுக்கும் 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். அப்புறம் இன்னொன்று. 2011-இல் பேரூராட்சித் தலைவரை நாங்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம். 2022-இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். பதினைந்து பேரை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் ஒளித்து வைக்க முடியும், ஒரு ஊரையே ஏற்ற முடியாது. தலைவரை நேராக ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்தல் சொன்ன தேதிக்கு நடக்க வேண்டும் என்று நாம் இங்கேயிருந்தும் கேட்க வேண்டும்.

குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் அந்தத் தேர்தலுக்கு அப்புறம் படிவம் 8 எழுதிக் கொடுத்து என் ஓட்டைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டேன். மூன்று வருஷமாகிறது, இந்த வார்டில் எந்த நோட்டிலும் என் பெயர் ஏறினதாகத் தெரியவில்லை. ஊர்த் தம்பிக்குப் போன் பண்ணிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அழிச்சிடுறேன்ணே, அம்மா ஓட்டு இருக்குல்ல" என்றான்.