யூடியூபர மட்டும் திட்டிட்டு போனா எப்படி? ஒரு ஜர்னலிசம் டீச்சரோட புலம்பல்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஸ்டாஃப் ரூம்லயே உக்காந்து பேசுறேன், பின்னாடி ஃபேன் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. போன வீடியோவுக்கு நிறைய பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தீங்க, "மேம், இந்த யூடியூபருங்களாலதான் செய்தித்துறையே நாசமாப் போச்சு, இவனுங்களுக்கெல்லாம் லைசென்ஸ் கொண்டு வரணும்"னு. எனக்கும் அந்தக் கோபம் இருக்குங்க, ஜர்னலிசம் சொல்லிக்குடுத்துத்தான் சோறு திங்கிறேன். ஆனா பழிய மொத்தமா அவங்க தலையில போட்டுட்டா மத்தவங்க எல்லாம் நைசா தப்பிச்சுருவாங்க.

2023 மார்ச் ஞாபகம் இருக்கா? பீகார் தொழிலாளிங்கள தமிழ்நாட்டுல அடிச்சுக் கொல்றாங்கன்னு கிளம்புச்சே, அது. ஒவ்வொரு வருஷமும் புது பேட்ச் வந்ததும் நான் இந்த கேஸத்தான் எடுக்குறேன், ஏன்னா செய்தி, அரசியல், சோசியல் மீடியா மூணும் ஒண்ணா மாட்டுற மாதிரி இத விட நல்ல உதாரணம் நம்ம ஊருல கிடையாது.

மொதல்ல வீடியோக்களப் பாருங்க. ஒண்ணு திருப்பூர்ல எடுத்தது, பீகார்லேருந்து வந்தவங்க ரெண்டு குரூப்பா அவங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்டது. இன்னொண்ணு கோயம்புத்தூர், அதுல அடிச்சுக்கிட்டது உள்ளூர்க்காரங்க. இத ரெண்டையும் அப்ப டிஜிபியா இருந்த சைலேந்திர பாபுவே வீடியோ போட்டு சொன்னாரு. மூணாவது ஒண்ணு ராஜஸ்தான்ல ஜோத்பூர்ல ஒரு வக்கீல வெட்டுன வீடியோ, நம்ம மாநிலமே இல்ல! அப்பறம் பேண்டேஜ் சுத்திக்கிட்டு தொழிலாளி மாதிரி பேசுற ஒரு வீடியோ, அத பாட்னாவுலயே ஒரு வாடகை வீட்டுல வச்சு எடுத்திருக்காங்கன்னு கண்டுபிடிச்சது பீகார் போலீஸ்.

கிளாஸ்ல நான் சவுண்ட மியூட் பண்ணித்தான் இதெல்லாம் போடுவேன். கடை போர்டுல என்ன எழுத்து, பைக் நம்பர் பிளேட் எந்த மாநிலம், சுவத்துல என்ன போஸ்டர், ஆளுங்க ஸ்வெட்டர் போட்டிருக்காங்களா, அத மட்டும் பாருங்கன்னு சொல்லுவேன். முதல் வருஷப் பசங்களே அஞ்சு நிமிஷத்துல "மேம், இது நம்ம ஊரு இல்லையே"ன்னுருவாங்க. அவ்வளவுதாங்க வேலை. இந்த அஞ்சு நிமிஷத்த ஏன் ஒரு பெரிய பத்திரிகையோட டெஸ்க், அதாவது செய்திய சரி பாத்து அச்சுக்கு அனுப்புறவங்க, செலவு பண்ணல?

ஏன்னா அரசியல். மார்ச் 1 ஸ்டாலினோட 70ஆவது பிறந்தநாள், சென்னையில பெரிய கூட்டம், மேடையில அப்ப பீகார் துணை முதல்வரா இருந்த தேஜஸ்வி யாதவ். "எங்க ஜனங்கள அங்க அடிக்கிறாங்க, இவரு அங்க போயி பிறந்தநாள் கொண்டாடுறாரு", இத விட ரெடிமேடா பீகார்ல அப்ப எதிர்க்கட்சியா இருந்த பாஜகவுக்கு என்ன வேணும் சொல்லுங்க. உத்தரப் பிரதேச பாஜக செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவ், அவரு ஒரு வக்கீல் வேற, இந்தி பேசுனதுக்காக 12 பேர தூக்குல மாட்டிட்டாங்கன்னு ட்வீட் போட்டாரு, கூடவே ஸ்டாலினும் தேஜஸ்வியும் இருக்குற போட்டோ. தைனிக் பாஸ்கர், நாட்டுலயே அதிகமா விக்கிற இந்தி பேப்பர்கள்ல ஒண்ணு, அதுவும் தாக்குதல்னு செய்தி போட்டுச்சு. பீகார் சட்டசபையில ஒரே அமளி. மார்ச் 2ஆம் தேதி முதலமைச்சர் நிதிஷ் குமார் ட்வீட் பண்றாரு, தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிங்க தாக்கப்படுறத "பத்திரிகைகள் மூலமா" தெரிஞ்சுகிட்டேன்னு.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. ஒரு முதலமைச்சர், போன எடுத்தா சென்னையில தலைமைச் செயலாளர் லைன்ல வருவாரு, அவரு பேப்பரப் பாத்து தெரிஞ்சுகிட்டேங்குறாரு. பேப்பர்க்காரங்க வாட்ஸ்அப்பப் பாத்து எழுதுறாங்க. அப்பறம் "முதல்வரே கவலை"ன்னு திரும்பவும் பேப்பர்லயே செய்தி வருது! யாரும் திருப்பூர் போகல. அதுவரைக்கும் ஃபோனுக்குள்ள சுத்திக்கிட்டிருந்த வதந்திக்கு இவங்கல்லாம் சேர்ந்துதான் முத்திரை குத்திக் குடுத்தாங்க. இதுல அந்தப் போலி வீடியோவப் பரப்புன மணீஷ் காஷ்யப்னு ஒரு பீகார் யூடியூபர் மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்காரு.

பீகார் அரசு ஒரு குழு அனுப்புச்சு, அதுக்குத் தலைமை பாலமுருகன்னு ஒரு ஐஏஎஸ், நம்ம தமிழ்க்காரர்தான். வந்து திருப்பூர், கோவையெல்லாம் சுத்திப் பாத்துட்டு பரவுறது போலி வீடியோதான்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுக்குள்ள ரயில்வே ஸ்டேஷன்ல கூட்டம். மார்ச் 8 ஹோலி, எல்லா வருஷமும் கூட்டம் இருக்கும், அந்த வருஷம் நிஜமாவே பயந்து போனவங்களும் அதுல கலந்திருந்தாங்க. ஆனா பிளாட்பாரத்துல மூட்டையோட நிக்கிறவர போட்டோ எடுத்தா ஹோலியா பயமான்னு எப்படித் தெரியும்? அவர்கிட்ட போயி கேக்கணும். மைக் இருக்கு, ஆளு இருக்கு, கேக்க மட்டும் மாட்டாங்க, மேல "அச்சத்தில் வெளியேறும் தொழிலாளர்கள்"னு ஒரு வரிய ஓட விட்டா முடிஞ்சுது வேலை.

சரி, நாம ரொம்ப யோக்கியமா? அந்த வருஷம் ஜனவரியிலதான் திருப்பூர்ல வட மாநில ஆளுங்க தமிழங்கள விரட்டுறாங்கன்னு ஒரு வீடியோ இங்க ஓடுச்சு, அதுக்கு நம்ம சேனலுங்க வச்ச தம்ப்நெயில் எல்லாம் தேடிப் பாருங்க. பிப்ரவரியில ஓடுற ரயில்ல ஒருத்தன் வட மாநிலத் தொழிலாளிங்கள அசிங்கமாத் திட்டி அடிச்ச வீடியோ வந்துச்சு, அது போலி இல்ல, நிஜம், ரயில்வே போலீஸ் ஆளப் பிடிச்சாங்க. அதனால பீகார்ல ஒரு அம்மா பயந்ததுல முழுக்க தப்பு சொல்ல முடியாது.

பசங்களுக்கு நான் குடுக்குற ஒரு அசைன்மென்ட் இருக்கு. தமிழ் பேப்பரோட க்ரைம் பக்கத்த ஒரு வாரம் வெட்டி ஒட்டணும். திருட்டு கேஸ்ல மாட்டுனவன் ஒடிசாக்காரனா இருந்தா தலைப்புலயே "வடமாநில வாலிபர் கைது". நம்ம ஊரு ஆளா இருந்தா வெறும் "வாலிபர் கைது". கட்டம் போட்டு ஒட்டி வச்சாத்தான் பசங்களுக்கே உறைக்குது. இதுக்கு எந்த ஐடி விங்கும் வேண்டாங்க, சப் எடிட்டர் யோசிக்காம பழக்கத்துல அடிக்கிற ஒரு வார்த்தை போதும்.

இப்ப லைசென்ஸ் மேட்டருக்கு வரேன். மணீஷ் காஷ்யப் மேல தமிழ்நாடு போலீஸ் தேசிய பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க. எனக்கு அந்த ஆளு செஞ்சதுல துளி கூட உடன்பாடு இல்ல, கேஸ் போட்டு தண்டனை வாங்கிக் குடுங்க. ஆனா விசாரணையே இல்லாம உள்ள வச்சிருக்குற சட்டம் எதுக்குங்க? ஹைகோர்ட் மதுரைக் கிளை அந்த நவம்பர்லயே அத ரத்து பண்ணிருச்சு. 2024ல நம்ம ஊரு யூடியூபர் சவுக்கு சங்கர் மேல போட்ட குண்டாஸும் அதே மாதிரி ஹைகோர்ட்ல நிக்கல. அவரு பேசுறதும் எனக்குப் பிடிக்காது, அது வேற. நாளைக்கு என் ஸ்டூடன்ட் ஒருத்தி ஒரு தாலுகா ஆபீஸ்ல லஞ்சம் வாங்குறத ஃபோன்ல எடுத்துப் போட்டா, அவ பின்னாடி எடிட்டரும் கிடையாது, வக்கீலும் கிடையாது. லைசென்ஸ்னு ஒண்ணு வந்தா மொதல்ல அவளுக்குத்தான் கிடைக்காது, கட்சிக்காரன் நடத்துற சேனலுக்கு அடுத்த நாளே கிடைச்சுரும். யாரு யாரு சேனல் நடத்துறாங்கன்னு தமிழ்நாட்டுல நான் சொல்லியா தெரியணும், ரிமோட்ட எடுத்து வரிசையா அமுக்கிப் பாருங்க.

அப்பறம் அவங்கெல்லாம் என்ன ஆனாங்கன்னு கேட்டிருந்தீங்க. உம்ராவ மன்னிப்பு கேக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, வக்கீலா இருக்குறவரு இன்னும் பொறுப்பா நடந்துக்கணும்னும் சொன்னாங்க. காஷ்யப் ஜெயில்லேருந்து வந்து 2024ல பாஜகவுல சேந்தாரு, அடுத்த வருஷம் அங்கேருந்து வெளியேறி பிரசாந்த் கிஷோரோட ஜன் சுராஜ் கட்சிக்குப் போனாரு, 2025 பீகார் தேர்தல்ல சன்பட்டியா தொகுதியில நின்னு தோத்தாரு. அந்தத் தொகுதியில அவரு 2020லயே சுயேச்சையா நின்னவரு, அதாவது இந்த வீடியோவுக்கெல்லாம் முன்னாடியே. இத கிளாஸ்ல சொன்னப்ப ஒரு பையன் "அப்ப அவரு நியூஸ் போடலையா மேம், பிரச்சாரம்தான் பண்ணிட்டு இருந்தாரா"ன்னு கேட்டான். அவனுக்கு இன்டர்னல்ல ஃபுல் மார்க் போட்டுட்டேன்.

பெல் அடிச்சிருச்சு, கிளாஸ் இருக்கு. போலி நியூஸ் கார்டு கண்டுபிடிக்கிறது எப்படின்னு நாலஞ்சு பேர் கேட்டிருந்தீங்க, ஃபான்ட், தேதி, லோகோ கலர் எல்லாம் ஸ்கிரீன்ல பெருசு பண்ணிக் காட்டணும், அத அடுத்த வீடியோல தனியா போடுறேன். உங்க ஃபேமிலி குரூப்ல சந்தேகமா வந்த கார்டு ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க, அதையே எடுத்துக்குறேன். வரேங்க.