ஸ்லைமின் கூர்முனை

நேயர்களுக்கு வணக்கம். வீடியோ கேம்களில் வரும் அரக்கர்களை உணவாகவும் கைவேலையாகவும் செய்து பார்க்கும் ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையில் எது கைகூடுகிறது, எது சொதப்புகிறது, ஏன் என்பதை ஒரே ஓர் அரக்கனை வைத்துப் பார்க்கலாம். அரக்கன் என்று சொல்லவே கூசுகிற அளவுக்குச் சாதுவான பிராணி அது. டிராகன் குவெஸ்ட் ஆட்டத்தில் வரும் ஸ்லைம்.

1986 மே 27 அன்று ஜப்பானில் எனிக்ஸ் நிறுவனம் நின்டெண்டோவின் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவிக்காக டிராகன் குவெஸ்ட் ஆட்டத்தை வெளியிட்டது. ஆட்டத்தை வடிவமைத்தவர் யூஜி ஹோரி, உருவங்களை வரைந்தவர் அகிரா தோரியாமா. ஹோரி கொடுத்த குறிப்புப் படத்தில் ஸ்லைம் குழைந்து கிடக்கும் கூழ்க் குவியல்தான். தோரியாமா அதைத் திரட்டி நிமிர்த்தி, உச்சியில் கூர்முனை வைத்து, இரண்டு வட்டக் கண்ணும் அகலச் சிரிப்பும் கொடுத்தார். ஆட்டம் தொடங்கியதும் எதிரில் வரும் முதல் எதிரி இதுதான். வீழ்த்தினால் கிடைப்பது ஒரே ஓர் அனுபவப் புள்ளி.

பிறகு இதன் சொந்தபந்தம் பெருகியது. ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, உலோகச் சாம்பலில் அகப்படாமல் ஓடுகிற ஒன்று. 1990-இல் வந்த நான்காம் பாகத்தில் எட்டு ஸ்லைம்கள் ஒட்டிச் சேர்ந்து கிரீடம் வைத்த ராஜாவாகிவிடும். நிறம் எதுவானாலும் பார்த்ததும் ஸ்லைம் என்று தெரிகிறது. அதாவது அடையாளம் நீலத்தில் இல்லை. புற உருவக் கோட்டிலும் முகத்திலும் இருக்கிறது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறத்துக்கு மெனக்கெட்டுவிட்டு உருவத்தைக் கோட்டைவிடுகிறார்கள். கடைசியில் தட்டில் இருப்பது ஸ்லைம் அல்ல, நீலக் களி.

முதலில் அகர் அகர் ஸ்லைம். கடையில் சைனா கிராஸ் என்றோ கடல்பாசி என்றோ கேட்டால் கிடைக்கும். மன்னார் வளைகுடாவில் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி என்பதும் இந்தப் பொருளுக்கு மூலப்பொருள்தான். ஜெலட்டின் வேண்டாம். நம் ஊர் வெயிலில் அறை வெப்பத்திலேயே ஜெலட்டின் இளகும், கூர்முனை சாய்ந்துவிடும். அகர் 35 முதல் 40 டிகிரிக்குள் உறைந்துவிடும். மறுபடி உருக வேண்டுமென்றால் 85 டிகிரி தாண்ட வேண்டும்.

ஆறு ஸ்லைமுக்கு அளவு: அகர் தூள் 5 கிராம், தண்ணீர் 250 மில்லி (பூ ஊறவைக்கும் நீர் தனி), சர்க்கரை 70 கிராம், கெட்டியான தேங்காய்ப்பால் 100 மில்லி, காய்ந்த சங்குப்பூ இருபதிலிருந்து இருபத்தைந்து. தூள் கிடைக்காமல் இழையாக வாங்கினால் 10 கிராம் எடுத்து அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். எடைக்கு எடை பார்த்தால் இழைக்கு ஏறத்தாழ தூளின் பாதி வலுதான் உண்டு.

பூவை 250 மில்லி கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். பிழியாதீர்கள், பச்சை வாடை இறங்கும். போர்வெல் தண்ணீராக இருந்தால் நீலம் பச்சைப் பக்கம் சாயலாம். அந்தத் தண்ணீரில் காரத்தன்மை கூடுதல். காய்ச்சினால் இன்னும் கூடும். கேன் தண்ணீரே உத்தமம்.

இன்னொரு பாத்திரத்தில் அகரைத் தண்ணீரில் கலக்கிக் கொதிக்க விடுங்கள். கொதி வந்தபிறகு இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். கரண்டியின் பின்புறத்தில் ஒரு பொடிகூடத் தெரியக்கூடாது. கரைந்தபிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் தண்ணீரைச் சர்க்கரை பிடித்துக்கொள்ளும், அகர் சரியாகக் கரையாமல் பாதி வலுவோடு நிற்கும். அடுப்பை அணைத்து, வடிகட்டிய பூச்சாறு 200 மில்லியைச் சூடாகவே ஊற்றுங்கள், பிறகு தேங்காய்ப்பாலையும் வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றினால் தொட்ட இடத்திலேயே அகர் உறைந்து திரிதிரியாகிவிடும். கலவையைக் கிளறியபடி 50 டிகிரிக்கு ஆறவிடுங்கள். சுடச்சுட ஊற்றினால் தேங்காய்க் கொழுப்பு மேலே மிதந்து, வெள்ளைத் தொப்பியும் நீல உடம்புமாக இரண்டு அடுக்காகப் பிரியும்.

இனி உருவம். உருண்டை அச்சில் கூர்முனை வராது. தனியாகக் கூம்பு செய்து ஒட்டினாலும் நிற்காது. முழுதாக உறைந்த அகர்மேல் இன்னோர் அகர் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். ஜப்பானிய இனிப்புக்காரர்கள் துணியில் வைத்து முறுக்கி உருவம் பிடிப்பார்கள். அதே வழியை உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளில் செய்யலாம். 25 சென்டிமீட்டர் சதுரத் தாளைச் சின்னக் கிண்ணத்தில் குழிவாக விரித்து, 80 மில்லி ஊற்றுங்கள். நான்கு மூலைகளையும் ஒன்றுசேர்த்துத் தூக்கி, உள்ளிருக்கும் காற்று வெளியேறும்படி முறுக்குங்கள். கலவை கழுத்துவரை ஏறி வந்ததும் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். காற்று மிச்சம் இருந்தால் முனை பொள்ளலாகி, பிரிக்கும்போது ஒடியும். மட்டத்துக்குக் கீழே போய் இறுக்கினால் முனையே இராது, சுருக்கம்தான் விழும். கட்டிய பொட்டலத்தைக் குளிர்ந்த நீரில் தொங்கவிடுங்கள். சுற்றிலும் இருக்கும் நீர் தாங்குவதால் உடம்பு உருண்டையாக நிற்கும். அரை மணி நேரம் கழித்துப் பிரித்து, அடியில் மெல்லியதாக ஒரு துண்டு சீவிவிட்டால் தட்டில் உட்காரும்.

கண்ணுக்குத் தனியாகக் கொஞ்சம் தேங்காய்ப்பாலில் வெள்ளை அகர் காய்ச்சி மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குத் தட்டில் ஊற்றுங்கள். உறைந்ததும் தண்ணீர் பாட்டில் மூடியைவிடச் சின்ன வட்டங்களாக வெட்டுங்கள். பாவைக்கு, உருக்கிய டார்க் சாக்லேட்டை பட்டர் பேப்பரில் பொட்டுப் பொட்டாக வைத்துக் குளிரவிட்டு எடுங்கள். ஈரமான ஜெல்லிமேல் நேரடியாக சாக்லேட் வைத்தால் ஒட்டாது. நோரி என்னும் கடற்பாசித் தாளை வெட்டி ஒட்டுகிறவர்கள் உண்டு, அது ஈரம் குடித்துச் சுருண்டு போகும். வாய்க்கு டின் செர்ரியை ஒற்றித் துடைத்து, பிறையாகச் சீவினால் போதும். கண்கள் ஒன்றோடொன்று நெருங்கினால் கோபம் தெரியும், மேலே ஏறினால் ஏமாளித்தனம் கூடும். ஒரு கண்ணின் அகலம் இடைவெளி விட்டு, உடம்பின் பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால் அந்த வெறித்த பார்வை சரியாக வந்துவிடும். முகத்தைப் பரிமாறும் நேரத்தில்தான் வைக்க வேண்டும். அகர் நேரம் ஆக ஆகத் தண்ணீர் விடும். முந்தைய இரவே வைத்தால் காலையில் கண்கள் கன்னத்துக்கு இறங்கியிருக்கும்.

சங்குப்பூவின் நீலம் புளிப்புப் பட்டால் ஊதாவாகும், இன்னும் புளித்தால் இளஞ்சிவப்பாகும். இந்த ஊதாவைச் சாதகமாக்கிக்கொள்ள இன்னோர் ஆட்டம் இடம் தருகிறது. 2017-இல் வந்த செல்டா பிரெத் ஆஃப் தி வைல்டில் கில்டன் என்பவன் ராத்திரிக் கடையில் மான்ஸ்டர் எக்ஸ்ட்ராக்ட் என்றொரு சாறு விற்பான். அரிசியும் மசாலாவும் அதுவும் சேர்ந்தால் மான்ஸ்டர் கறி. கோதுமை, கரும்புச் சர்க்கரை, ஆட்டு வெண்ணெயோடு சேர்ந்தால் மான்ஸ்டர் கேக். இரண்டையும் ஊதாவாகச் செய்வதுதான் ரசிகர் வழக்கம். ஜெல்லியை ஊதாவாக்கத் தேங்காய்ப்பாலை விட்டுவிட்டு, அடுப்பை அணைத்தபிறகு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் புளிப்பு அகரின் வலுவை உடைத்துவிடும். கேக்குக்கு ராசவள்ளிக் கிழங்கு மசியல் நல்லது, ஆனால் சமையல் சோடா போடாதீர்கள். சோடாவின் காரத்தன்மை பட்டதும் ஊதா, சாம்பல்பச்சைக்குத் திரும்பும்; முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்தால் பார்க்கச் சகிக்காது. பேக்கிங் பவுடரும் கொஞ்சம் தயிரும் போதும்.

2011-இல் ஜப்பானின் ஃபேமிலிமார்ட் கடைகளில் நீல ஸ்லைம் பன் விற்றார்கள், உள்ளே இறைச்சி. வீட்டில் இட்லிப் பானையிலேயே அவிக்கலாம். மைதா 250 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், சர்க்கரை 25, உப்பு 2, எண்ணெய் 10, ஆறிய பூச்சாறு 130 மில்லி. மாவு சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக இருக்கட்டும். இளகினால் முனை நிற்காது. பத்து நிமிடம் பிசைந்து, இரட்டிப்பாகும்வரை மூடிவைத்து, எட்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பூரணம் 25 கிராம், ஆறியதாக, ஈரமில்லாததாக. மோதகம் பிடிக்கத் தெரிந்த கைக்கு மூடுவது புதிதல்ல. மடிப்பை அடியில் விட்டு, இருபது நிமிடம் மறுபடி உப்பவிட்டு, அதன்பின் முனையை இழுங்கள். முன்னாலேயே இழுத்தால் பொங்கும் வாயு அதை விழுங்கி உருண்டையாக்கிவிடும். வேண்டிய உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு இழுத்தால் வெந்தபின் அளவாக நிற்கும்.

மூடிக்குத் துணி கட்டி, நடுத்தரத் தீயில் பன்னிரண்டு நிமிடம். சொட்டும் நீர் விழுந்த இடமெல்லாம் வெளுத்த பொட்டாகும், அதனால்தான் துணி. அணைத்ததும் மூடியைத் திறக்காமல், விளிம்பில் சற்றே விலக்கி மூன்று நிமிடம் விடுங்கள். சட்டென்று திறந்தால் தோல் சுருங்கிக் கிழ ஸ்லைம் ஆகிவிடும். கண்ணை ஈஸ்ட் இல்லாத மாவில் செய்து வைக்க வேண்டும், ஈஸ்ட் மாவுக் கண் வெந்ததும் பிதுங்கும்.

தின்பதைவிட வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே இருக்கிறது. இரண்டரை மில்லிமீட்டர் ஊசி, மெல்லிய பருத்தி நூல். மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில்) ஆறு கண்ணி, சுற்றுக்கு ஆறு கூட்டி 42 வரை. கூட்டாமல் ஒரு சுற்றைப் கண்ணியின் பின்பக்க நூலில் மட்டும் போட்டால் அடி தட்டையாகும். பிறகு ஆறு சுற்று நேராக. அங்கிருந்து 36, 30, 24, 18 என்று அடுத்தடுத்து வேகமாகக் குறைத்து 12-இல் நிறுத்தி, இரண்டு சுற்று நேராகப் போட்டு, 9, 6 என்று முடியுங்கள். தோளில் வேகமும் கழுத்தில் நிதானமும் இருந்தால்தான் அந்த உள்வளைவு கிடைக்கும். சீராகக் குறைத்தால் வருவது வெறும் கூம்பு. ஊசி பெரிதானால் கண்ணிக்கு இடையில் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். 24 கண்ணிக்கு வந்ததும் உடம்பில் பஞ்சு அடைத்துவிடுங்கள். முனைக்குப் பென்சிலால் தனியாகத் தள்ள வேண்டும்.

இவற்றை வீட்டுக்கும் நண்பர்களுக்கும் செய்வது வேறு, விற்பது வேறு. உருவத்தின் உரிமை விளையாட்டு நிறுவனத்தினுடையது. அனுமதியில்லாமல் விற்பனைக்கு வைத்தால் எந்த நேரமும் தடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

குரோஷே ஸ்லைமுக்கு பிளாஸ்டிக் கண் பொருத்துவதென்றால் பஞ்சு அடைக்கும் முன்னால் உள்பக்கத் தகட்டை அழுத்திவிட வேண்டும். அடைத்தபின் கை போகாது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் கைக்குப் போகும் பொம்மை என்றால் அந்தக் கண்ணும் வேண்டாம், கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள். வணக்கம்.