மலையில் பழகிய குரல்

நண்பர்களே, வணக்கம். வேல்ஸ் நாட்டு நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் என்றதுமே பலருக்கு முதலில் அவர் மணந்த நடிகை எலிசபெத் டெய்லர்தான் ஞாபகத்துக்கு வருவார், அதற்கு அடுத்தபடியாகக் குடி. இரண்டையும் நான் மறைக்கப் போவதில்லை, ஆனால் இன்றைக்கு எனக்குப் பேச வேண்டியது அவருடைய குரலைப் பற்றி. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது, யார் யார் கையில் உருவானது என்பதைப் பற்றி. ஏனென்றால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் "பெரிய திறமை, வீணாகப் போயிற்று" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் பிறந்தது 1925 நவம்பர் 10, வேல்ஸ் நாட்டின் தெற்கே பான்ட்ரிடிவென் என்ற சின்ன ஊரில். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, குடிப்பழக்கம் உள்ளவர். ரிச்சர்ட் ஜென்கின்ஸ் என்பதுதான் பிள்ளைக்கு வைத்த பெயர், பதின்மூன்று பிள்ளைகளில் பன்னிரண்டாவது. பதின்மூன்றாவது பிள்ளையைப் பெற்ற சில நாள்களில், 1927 அக்டோபர் 31 அன்று, அம்மா இறந்துபோனார். பையனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. கல்யாணமாகிப் போர்ட் டால்பட் பக்கம் தைபாக்கில் குடியிருந்த மூத்த அக்கா சிசிலியா வந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் கணவரும் சுரங்கத் தொழிலாளிதான், வசதி ஒன்றும் கிடையாது. வீட்டில் எல்லோரும் அக்காவை சிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பர்ட்டனுக்குத் தெரிந்த அம்மா அந்த அக்காதான், கடைசிவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய தாய்மொழி வெல்ஷ். ஆங்கிலம் அதற்கப்புறம் கற்றுக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை இவரைப் போல ஒலிக்கச் செய்தவர்கள் மிகக் குறைவு என்று சொல்கிறோமே, அந்த ஆங்கிலம் அவர் வீட்டு மொழியே இல்லை! வெல்ஷ் சுரங்க ஊர்களின் சிற்றாலயங்களில் பிரசங்கம் செய்பவர் மெதுவாகத் தொடங்கி, போகப் போக உணர்ச்சி ஏறி, பேச்சா பாட்டா என்று பிரிக்க முடியாத ஓர் இடத்துக்குப் போய்விடுவார். அதற்கு அவர்கள் மொழியில் 'ஹ்வில்' என்று பெயர். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை இவர். பிற்காலத்தில் ஷேக்ஸ்பியர் வசனத்தை இவர் சொல்லும்போது, வாக்கியத்தின் நடுவே ஓர் அலை எழும்பி வருவதுபோல இருக்கும். அது அந்த ஆலயங்களிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் வெறும் பிறவிக் குரல் மட்டும் போதாது. பதினாறு வயதில் குடும்பத்துக்குப் பணம் வேண்டும் என்று பள்ளியை விட்டுவிட்டு, கூட்டுறவுக் கடையில் ஆண்கள் துணி விற்கும் பிரிவில் வேலைக்குப் போனார். கதை அதோடு முடிந்திருக்க வேண்டியது. மெரிடித் ஜோன்ஸ் என்ற ஆசிரியர் முயற்சி எடுத்துக்கொண்டதால் பள்ளியில் திரும்பச் சேர்த்தார்கள், பள்ளியை விட்டுப் போன பையனைத் திரும்ப எடுப்பது அப்போது வழக்கமே இல்லை. அங்கே நாடகம் கற்றுத்தந்தவர் பிலிப் பர்ட்டன். அவரும் சுரங்கத் தொழிலாளியின் மகன்தான், வானொலி நாடகங்கள் எழுதிக்கொண்டிருந்தவர். பையனிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர். 1943-இல் தத்தெடுக்க விரும்பினார், ஆனால் சட்டப்படி இருவருக்கும் இருபத்தொரு வயது வித்தியாசம் இருக்க வேண்டும். அதற்கு இருபது நாள் குறைந்தது, வெறும் இருபது நாள். அதனால் சட்டப்படி பாதுகாவலர் ஆனார், பையன் அவர் பெயரை எடுத்துக்கொண்டான். ஜென்கின்ஸ் பர்ட்டன் ஆனது அப்படித்தான்.

நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. பிலிப் அந்தப் பையனை ஊருக்குப் பின்னாலுள்ள மலைக்குக் கூட்டிப் போவார். ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தின் முன்னுரை வசனத்தைச் சொல்லச் சொல்லிவிட்டு, தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போவார். ஆனால் கத்தக் கூடாது. காற்றடிக்கிற மலையில், தூரத்தில் நிற்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும், அதே சமயம் பேசுவது பேச்சாகவே இருக்க வேண்டும். மூச்சை எங்கே வைப்பது, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் எப்படி விடுவது என்பதெல்லாம் அங்கே பழகியது. 'இயற்கையாக அமைந்த குரல்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் அந்த மலையும் அந்த ஆசிரியரும் அதில் காணாமல் போய்விடுகிறார்கள்.

சரி, அதற்கப்புறம் வேகமாகப் போகிறது. 1943-இல் முதல் மேடை, அடுத்த வருடம் ஆக்ஸ்ஃபோர்டில் ஆறு மாதம், பிறகு விமானப்படை. 1951-இல் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்டிராட்ஃபோர்டில், அவருடைய நான்காம் ஹென்றி நாடகத்தில் இளவரசர் ஹாலாக நடித்தபோது பர்ட்டன் நட்சத்திரமாகிவிட்டார். லண்டனின் ஓல்ட் விக் நாடக அரங்கில் ஹாம்லெட் நடித்த காலத்தைப் பற்றி அவரே திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு கதை இருக்கிறது. சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து, கூடவே எல்லா வசனத்தையும் முணுமுணுத்துக்கொண்டு வந்தாராம். இவர் வேகமாகச் சொன்னால் அவரும் வேகமாக, மெதுவாகச் சொன்னால் அவரும் மெதுவாக. பர்ட்டனால் அவரை உதறவே முடியவில்லையாம்.

எனக்கு அவர் முதலில் அறிமுகமானது மேடையிலும் அல்ல, திரையிலும் அல்ல, ஒரு ஒலிப்பதிவில். டிலன் தாமஸ் என்ற வேல்ஸ் கவிஞர் வானொலிக்காக எழுதிய 'அண்டர் மில்க் வுட்'. கவிஞர் 1953 நவம்பரில் இறந்துபோக, 1954 ஜனவரி 25 அன்று பிபிசி அதை ஒலிபரப்பியது. முதல் குரலாகப் பர்ட்டன். தூங்குகிற ஒரு கடலோரச் சிற்றூரை இருட்டில் கதைசொல்லி நமக்குக் காட்டிக்கொண்டு போகிறார். என் ஆங்கிலம் அப்போது ரொம்பச் சுமார், பாதி புரியவில்லை. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை.

இனி சினிமா. 1962-இல் ரோமில் கிளியோபாட்ரா படப்பிடிப்பு, மார்க் ஆண்டனியாக இவர், கிளியோபாட்ராவாக டெய்லர். இருவருக்கும் ஏற்கெனவே வேறு வேறு ஆட்களோடு கல்யாணமாகியிருந்தது, இவர்கள் காதலை உலகமே பேசிற்று. 1964-இல் திருமணம், 1974-இல் விவாகரத்து, 1975-இல் போட்ஸ்வானாவில் மறுபடி திருமணம், அடுத்த வருடமே மறுபடி பிரிவு. இதை எழுதிய பத்திரிகைகள் ஏராளம், எனவே விட்டுவிடுகிறேன்.

விடக் கூடாதது அந்த வருடங்களின் நடிப்பு. 1965-இல் வந்த உளவாளிப் படத்தில், 'குளிரிலிருந்து திரும்பி வந்த உளவாளி' என்று தமிழில் சொல்லலாம், அந்தக் குரலின் இசையையெல்லாம் அடக்கிக்கொண்டு, வறண்டு களைத்துப்போன ஒரு மனிதனாக வருகிறார். இருக்கிற சொத்தைச் செலவழிக்காமல் நடிப்பது எவ்வளவு கஷ்டம்! அடுத்த வருடம் 'வர்ஜீனியா வுல்ஃபைக் கண்டு யாருக்குப் பயம்?'. இரவில் வீட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, தற்செயலாகத் தாயைச் சுட்டுவிட்ட ஒரு பையனின் கதையை அவர் சொல்கிற இடம் இருக்கிறதே, அங்கே குரலை உயர்த்தவே இல்லை. ஏதோ பழைய சம்பவம் போல, பட்டும் படாமலும் சொல்லிக்கொண்டு போகிறார். அம்மாவின் முகமே ஞாபகம் இல்லாமல் வளர்ந்த மனிதர் அவர் என்று தெரிந்து பார்த்தால் அந்தக் காட்சி இன்னும் வலிக்கும். அந்தப் படத்துக்கு டெய்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது, இவருக்கு இல்லை. மொத்தம் ஏழு முறை பரிந்துரை, ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அதே போர்ட் டால்பட் பக்கத்துப் பையனான ஆண்டனி ஹாப்கின்ஸ், சின்ன வயதில் பர்ட்டனிடம் கையெழுத்து வாங்கியவர், பிற்காலத்தில் இரண்டு முறை வாங்கினார்.

குடி அவரை அழித்தது உண்மை. மோசமான படங்களிலும் நடித்தார், பணத்துக்காகவும் நடித்தார். அவருடைய நாட்குறிப்புகள் 2012-இல் புத்தகமாக வந்தன, அதில் நடிப்பே சலித்துவிட்டது என்று பல இடங்களில் எழுதுகிறார், பக்கம் பக்கமாகத் தான் படித்த புத்தகங்களைப் பற்றி எழுதுகிறார். வேறொரு வாழ்க்கைக்கு ஏங்கியவர்தான். ஆனால் வீண் என்கிற சொல்லை எப்படிச் சொல்வது? அந்த வானொலிப் பதிவு ஒன்று போதாதா? அந்த மரத்தடிக் கதை ஒன்று போதாதா?

கடைசிப் படம் '1984'. கழுத்து வலியோடு, வசனம் ஞாபகம் வைக்கச் சிரமப்பட்டுக்கொண்டு, சித்திரவதை செய்யும் அதிகாரியாக நடித்தார். மென்மையாகப் பேசிக்கொண்டே நம்மை நடுங்க வைக்கிறார். படம் வெளியாகும் முன்பே, 1984 ஆகஸ்ட் 5 அன்று, மூளையில் ரத்தக் கசிவால் சுவிட்சர்லாந்தில் இறந்தார். வயது 58. வேல்ஸின் நிறமான சிவப்பில் உடை உடுத்தி, டிலன் தாமஸின் கவிதைத் தொகுப்பு ஒன்றையும் கூட வைத்து, செலின்யி என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். ஆசிரியர் பிலிப் பர்ட்டன் 1995 வரை இருந்தார், தொண்ணூறு வயது வரை. தான் மலையில் பழக்கிய குரலை, அது நின்றுபோன பிறகு பத்து வருடம் அவர் ஒலிநாடாவில்தான் கேட்டிருக்க முடியும்.

இப்போது விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறேன். 1954 பதிவின் முதல் ஐந்து நிமிடம் மட்டும் போடுகிறோம். ஆங்கிலம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் அன்று புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.