ஒரே டிராம் பாதையில் இரண்டு இரவுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த வெள்ளியும் சனியும் நம் பாஸ்டனில் ஐஸ் ஹாக்கி. பாஸ்டன் காலேஜும் பாஸ்டன் யுனிவர்சிட்டியும் மோதுகின்றன. ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. இங்கே எல்லோரும் பி.சி., பி.யு. என்பார்கள்; நானும் அப்படியே சொல்கிறேன்.

இரண்டு அரங்கமும் ஒரே சாலையை ஒட்டி இருக்கின்றன. காமன்வெல்த் அவென்யூவில் ஐந்தாறு கிலோமீட்டர் போனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வந்துவிடலாம். கிரீன் லைனின் பி டிராம் பி.யு.வின் அகானிஸ் அரங்கத்தைத் தாண்டி, மேடேறி, கடைசி நிறுத்தமான பி.சி.யில் போய் நிற்கும். போட்டி நாளில் அந்த டிராமில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். ஒரு முறை என் எதிரே சிவப்புச் சட்டையில் ஒரு தாத்தா. பக்கத்தில் அவர் பேத்தி, மெரூனும் தங்க நிறமுமாக. தாத்தா பி.யு.வில் படித்தவராம். பேத்தி பி.சி.யில் சேர்ந்துவிட்டாள். டிராம் வளைவில் ஆடியபோதெல்லாம் அவர் விழாமல் இருக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கியதும் ஆளுக்கொரு வாசலில் உள்ளே போனார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். வெள்ளி இரவு பி.சி.யின் கான்டி ஃபோரத்தில், சனி இரவு அகானிஸில். இருபத்துநான்கு மணி நேரத்தில் அதே இரண்டு அணிகள், வேறு வீடு. வீடு மாறினால் என்ன ஆகிவிடும், பனித்தரை பனித்தரைதானே என்று கேட்கலாம். அங்கேதான் இந்தத் தொடரின் சுவாரசியமே இருக்கிறது.

ஐஸ் ஹாக்கியில் கோலைக் காக்கும் கோலியைத் தவிர ஐந்து பேர் ஒரு நேரத்தில் ஆடுவார்கள். முழு வேகத்தில் ஓடுவதால் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்கிவிடும். உடனே பெஞ்சுக்குப் போய் அடுத்த ஆட்கள் குதிப்பார்கள். முன்கள வீரர்கள் மூன்று மூன்று பேராக ஒரு லைன். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது வந்த அணி முதலில் தன் ஆட்களை இறக்க வேண்டும். யார் இறங்கியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வீட்டுக்கார அணி தன் ஆட்களை இறக்கும். சீட்டாட்டத்தில் எதிராளி இறக்கிய சீட்டைப் பார்த்துவிட்டு நம் சீட்டைப் போடுவது மாதிரி. எதிரணியின் மிகச் சிறந்த லைன் இறங்கினால், தடுப்பதில் கெட்டிக்காரர்களை அவர்கள் முன்னால் நிறுத்தலாம்.

வெள்ளிக்கிழமை இந்த உரிமை பி.சி. பயிற்சியாளர் கிரெக் பிரவுனுக்கு. சனிக்கிழமை அது பி.யு.வின் ஜே பண்டோல்ஃபோ கைக்குப் போகும். இருவருமே தாங்கள் பயிற்சி தரும் அதே கல்லூரிக்காக ஆடியவர்கள். இருவரும் 2022இல்தான் பொறுப்புக்கு வந்தார்கள். வெள்ளி இரவு தோற்றவர் சனி இரவு என்ன மாற்றுகிறார் என்பதைப் பார்க்கத்தான் நான் போகிறேன். ஒரே ஒரு ஆட்டம் என்றால் நல்ல வேளை, கெட்ட வேளை என்று சொல்லிவிடலாம். இரண்டாம் இரவில் அந்தச் சாக்கு எடுபடாது. என் கணக்கில் சனிக்கிழமை ஆட்டம்தான் பெரியது.

கோலி விஷயமும் இதில் சேரும். வெள்ளிக்கிழமை நான்கைந்து கோல் விட்டுக்கொடுத்த பையனையே மறுநாளும் நிறுத்துவதா, மாற்றுவதா? நான் என்றால் நிறுத்துவேன். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை. ஒரு இரவில் மனம் உடைந்தால் சீசன் முழுக்கத் தொடரும். அப்புறம், கல்லூரி ஆட்டத்தில் கைகலப்புக்கு இடமே இல்லை. கையை ஓங்கினால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியே, அடுத்த ஆட்டத்துக்கும் தடை. வெள்ளி கோபப்பட்டவன் சனி இரவு மேலே உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

இந்தப் பகை நூறு வருடத்துக்கும் மேல் பழையது. ஒரு இரவை மட்டும் சொல்கிறேன். 1978 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. பாஸ்டன் வட்டாரத்தின் நான்கு கல்லூரிகள் ஆடும் பீன்பாட் போட்டி, பழைய பாஸ்டன் கார்டனில். வெளியே பனிப்புயல். வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று சொல்லியும் பலர் எழுந்திருக்கவில்லை. பி.யு. 12, பி.சி. 5. ஆட்டம் முடிந்து கதவைத் திறந்தால் சாலையே இல்லை, பனி மேடுதான். நூற்றுக்கணக்கானவர்கள் அன்றிரவு இருக்கைகளிலேயே படுத்தார்கள். ஹாட் டாக் தின்று நாட்களை ஓட்டினவர்களும் உண்டு. எந்தக் கட்சியாக இருந்தாலும் குளிர் ஒன்றுதானே! அடுத்த மாதமே தேசிய இறுதிப் போட்டியில் அதே இரண்டு அணிகள் மீண்டும் சந்தித்தன. 5-3 என்று பி.யு. ஜெயித்தது. அந்த பி.யு. அணியின் கோலி ஜிம் கிரெய்க்தான் 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை 4-3 என்று வீழ்த்திய அமெரிக்க அணியின் கோலி.

தேசியப் பட்டம் இருவருக்கும் ஐந்து ஐந்து. பீன்பாட்டில் மட்டும் பி.யு. 30 முறைக்கு மேல் ஜெயித்து எல்லோரையும் விட எங்கோ முன்னால் நிற்கிறது.

அண்மைக் கதை 2024 ஜனவரி. நாட்டின் முதல் இரண்டு இடங்களில் இருந்த அணிகளாக இதே மாதிரி ஒரு வார இறுதியில் மோதினார்கள். தன் வீட்டிலும் ஜெயித்து, எதிராளி வீட்டிலும் போய் ஜெயித்தது பி.சி. அன்று பி.யு.வுக்கு ஆடிய மேக்லின் செலிபிரினிக்குப் பதினேழு வயதுதான். பி.சி. பக்கம் வில் ஸ்மித். அடுத்த சீசனில் இருவரும் தொழில்முறை அணியான சான் ஹோசேயில் ஒரே சட்டை போட்டார்கள். டிக்கெட் வாங்கினால் நீங்கள் பார்க்கப்போவது இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான்.

சனிக்கிழமை அகானிஸுக்குப் போகிறவர்கள் மேலே தொங்கும் 24 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். அது டிராவிஸ் ராயின் எண். 1995 அக்டோபரில், பி.யு.வுக்காக முதல் முறை பனியில் இறங்கிய பதினொரே விநாடியில் பக்கவாட்டுச் சுவரில் மோதி, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அதன் பிறகு 2020இல் மறையும் வரை, தண்டுவடம் பாதித்தவர்களுக்காகத் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை நடத்தினார். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஸ்வெட்டர் கட்டாயம். குழந்தைகளைக் கண்ணாடித் தடுப்புக்கு அருகில் உட்கார வையுங்கள். பந்துக்குப் பதிலாக இங்கே அடிக்கும் கெட்டி ரப்பர் வட்டு, அதாவது பக், அந்தக் கண்ணாடியில் அடிக்கும் சத்தத்தை அவர்கள் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் கொஞ்சம் மேலே உட்காருங்கள். இரண்டு பெஞ்சும் தெரிய வேண்டும். சனி இரவு முதல் விசில் ஊதி ஆட்டம் நின்றதும் பக்கைத் தேடாதீர்கள். பி.சி. பையன்கள் ஐந்து பேர் முதலில் இறங்குவார்கள். பண்டோல்ஃபோ ஒரு கணம் அவர்களைப் பார்ப்பார். பிறகு யார் தோளைத் தட்டி அனுப்புகிறார் என்று பாருங்கள்.

வணக்கம்.